நான் தொடாத பெட்டி

சென்ற மாதம் நம் பள்ளித் தோழிகள் எல்லோரும் சந்தித்தபோது என் கைபேசி மேசையிலிருந்து விழுந்து அணைந்துபோயிற்று. உடனே உங்களில் ஒருத்தி, "ஏளா, இவ கையில எதக் குடுத்தாலும் உருப்படாது. அப்பாவோட ரேடியோப் பெட்டியவே திருகிக் கெடுத்தவள்லா இவ!" என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இந்தக் கதைக்குச் சிரித்துச் சிரித்தே எனக்கு வயதாகிவிட்டது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து போட்ட காப்பியைக் குடிக்காமல் கொட்டிவிட்டேன். அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள், அந்தக் கதையில் இருக்கிற இன்னொரு ஆளும் போய்ச் சேர்ந்தாயிற்று. நான் மட்டும்தான் மிச்சம். நானும் போய்விட்டால் அந்தப் பொய்தான் நிற்கும். அதனால் எழுதுகிறேன். இது மன்னிப்புக் கேட்கிற எழுத்து இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியை நான் தொடவே இல்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கல் லாரிகள் போகிற சத்தத்தில் மில்லர்புரத்து வீடுகளில் ஜன்னல் கம்பி அதிரும். எங்கள் வீட்டு வாசலில் துணி காயப்போட்டால் ஒரு பக்கம் செம்மண், மறு பக்கம் உப்பு. அப்பாவுக்கு அந்தத் துறைமுக வேலையில்தான் உத்தியோகம், அளவுப் பிரிவில். எதையும் அளக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. சங்கிலியால் நிலத்தை அளந்தது போதாதென்று வீட்டுக்கு வந்து ரேடியோ அலையை அளப்பார். லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர், வீட்டிலிருந்தபடியே மற்ற ஊர்க்காரர்களோடு அலையில் பேசுகிறவர். பின்கட்டில் மூட்டை முடிச்சு வைக்கிற அறையைக் காலி செய்து, பழைய ராணுவ ரிசீவர் ஒன்றை வைத்திருந்தார். அதன் வால்வுகள் சூடேறும்போது தூசி கருகுகிற ஒரு மணம் வரும். அந்த மணத்தோடு ஈயம் பற்றவைக்கிற புகையும் சேர்ந்தால் அதுதான் எனக்கு அப்பாவின் வாசனை. இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்த அறையில்தான் பெட்டி இருந்தது. வள்ளம் செய்கிற ஆசாரியிடம் சொல்லிச் செய்த தேக்குப் பெட்டி. உள்ளே இலவம் பஞ்சு. பஞ்சுக்குள்ளே ஒரு செம்புக் குடுவை, அதைச் சுற்றிச் சூடேற்றுகிற கம்பி. குடுவைக்குள் ஒரு கிறிஸ்டல், ஆள்காட்டி விரலின் நகம் அளவுப் பளிங்குக் கல். கரண்ட் கொடுத்தால் அந்தக் கல் துடிக்கும்; மற்ற ரேடியோ அலைகளை அளக்க அந்தத் துடிப்புதான் படிக்கல், அது மாறவே கூடாது. அது மாறாமல் இருக்க வேண்டுமென்றால் சூடு ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது. ஒரு தடவை கரண்டைப் பிடுங்கினால் கல் பழைய நிலைக்கு வர வாரக்கணக்காகும். ஆகவே எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்குத்தான் முதல் மரியாதை. கரண்ட் போனால் முதலில் ஓடுவது மெழுகுவத்திக்கு இல்லை, பெட்டிக்கு லாரி பேட்டரியை மாட்டத்தான். இஸ்திரிப் பெட்டியைச் சொருக அம்மா அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டும்.

"ஒங்க மூத்த பிள்ளை முழிச்சிருக்கா, தூங்குதா? நா இந்தச் சேலையத் தேய்க்கணும்" என்பாள் அம்மா.

"பொறு, பொறு" என்பார் அப்பா.

அந்தக் கிறிஸ்டலை ஜப்பானிலிருந்து கொண்டுவந்தவர் கப்பல் மாமா. சொந்த மாமா இல்லை. நாங்கள் நாசரேத் பக்கத்து மிஷன் குடும்பம், அவர் புன்னைக்காயல் கத்தோலிக்கர். கப்பலில் ரேடியோ ஆபிசர். ரேடியோவில்தான் அப்பாவுக்கும் அவருக்கும் பழக்கமே. அவர் கப்பலிலிருந்து மோர்ஸில் தட்டுவார், அப்பா வீட்டிலிருந்து தட்டுவார். அப்படியே நட்பாகி, கரைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "குசினில என்ன மணக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருவார். அடுப்படியைக் குசினி என்பதற்காக அம்மா அவரைக் கேலி செய்வாள். கரண்டியால் சாப்பாட்டு மேசையில் தட்டி என் பெயரை மோர்ஸில் சொல்லுவார். பேக்கரியிலிருந்து மக்ரூன் வாங்கி வந்து பொட்டலத்தை என் தலையில் வைப்பார். எனக்கு அவர் மேல் இருந்த பிரியத்தை இங்கே குறைத்து எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அப்பாவை விட அவரைப் பிடிக்கும்.

அந்த வருஷம் வயிற்றுப்புண் வந்து அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டு தூத்துக்குடியிலேயே இருந்தார். சும்மா இருக்க முடியாமல் அப்பாவோடு சேர்ந்து அந்தப் பெட்டியைக் கட்டினார். கல்லும் சூட்டு வேலையும் அவர் பொறுப்பு, மற்றதெல்லாம் அப்பா.

கட்டி முடித்ததும் அதைச் சரிபார்க்க வேண்டுமே. டெல்லியிலிருந்து பத்து மெகாசைக்கிளில் நேர சிக்னல் வரும். டிக், டிக் என்று விநாடிக்கு ஒரு தட்டு, அதற்கு அடியில் அசையாத ஓர் அலை. நம் கல்லின் அலையையும் அதனோடு சேர்த்து ரிசீவரில் கேட்டால், இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் சத்தம் ஏறி இறங்கும். நம் ஆலயத்து ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தின் இரண்டு நாக்குகள் சேராவிட்டால் ஒரு நடுக்கம் கேட்குமே, அதேதான். நடுக்கம் வேகமாக இருந்தால் வித்தியாசம் அதிகம். மெதுவானால் நெருங்கிவிட்டது. நடுக்கமே இல்லாமல் போனால் இரண்டும் ஒன்று.

இதைக் கேட்க நல்ல காது வேண்டும். அப்பாவின் காது சுமார்தான். கப்பல் மாமாவுக்கோ வருஷக்கணக்காகக் கப்பல் ரேடியோவின் இரைச்சலைக் கேட்டுக் கேட்டு மெல்லிய சத்தம் எதுவும் பிடிபடாது. ஒரு நாள் விளையாட்டாக ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார்கள். கறுப்பாக, கனமாக, காதை நசுக்குகிற ஹெட்போன். பின்னலைத் தூக்கிக் கட்டினால்தான் உட்காரும். அப்பா பெட்டியின் மேல் துளை வழியாக, கல்லின் அலையைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியை மெல்லத் திருப்பினார். எனக்குச் சத்தம் ஓடி, நடந்து, தவழ்ந்து, கடைசியில் படுத்துவிட்டது.

"நின்னுட்டு" என்றேன்.

அப்பா இன்னும் கொஞ்சம் திருப்பினார். "இப்பம் இந்தப் பக்கமாப் போவுது. திரும்புங்க. ம்... நின்னுட்டு."

அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, இந்தக் காதுக்கு விலையே கிடையாது" என்றார் மாமா. அன்றிலிருந்து நான் அந்த அறையில் ஒரு ஆள். அம்மா காய் நறுக்கக் கூப்பிட்டால், "அவ டியூட்டியில இருக்கா" என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். வீட்டில் ஒரே பெண்பிள்ளை, படிப்பில் சுமார், பாட்டில் அதைவிடச் சுமார். முதல் தடவையாக என்னிடம் ஏதோ ஒன்று இருக்கிறதென்று இரண்டு பெரிய மனிதர்கள் சொன்னார்கள். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சென்னையில் ரேடியோ பொழுதுபோக்குக்காரர்களின் ஒரு கூட்டம் இருந்தது. தெற்கத்தி ஹாம்களுக்கெல்லாம் ஒரு பொதுவான அளவு வேண்டும், தென்கோடியில் நல்ல பெட்டி வைத்திருக்கிற ஒருவர் வாரம் ஒரு நாள் அதன் அலையை ஒலிபரப்ப வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் கருவிகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்த இடம் தனக்குக் கிடைக்க வேண்டுமென்று அப்பா ஆசைப்பட்டார். சாதாரண ஆசை இல்லை. உத்தியோகத்தில் அவருக்கு மேலே வந்தவர்களெல்லாம் எஞ்சினியர்கள், இவர் டிப்ளமா. ஆபீசில் யாரும் அவர் அளவைக் கேட்டு நடக்கவில்லை. இங்கேயாவது நாலு பேர் கேட்டு நடக்கட்டுமே.

அவர்கள் வைத்த விதி ஒன்றே ஒன்று. பெட்டியை ஒரு தடவை டெல்லியோடு சேர்த்துவிட்டுத் திருகாணித் துளையை மூடி முத்திரை வைக்க வேண்டும். பிறகு கோடை முழுக்க யாரும் தொடக் கூடாது. தினமும் கேட்டு, எவ்வளவு விலகுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். அப்பா சிவப்பு அரக்கை உருக்கித் துளையின் மேல் விட்டு, தன் மோதிரத்தை அதில் அழுத்தினார். கூடவே ஒரு சின்ன ஜெபமும் செய்தார்.

அப்புறம் கச்சான் காற்று வந்தது. உப்பளத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் எறிகிற காற்று. உதட்டை நக்கினால் உப்பு. அந்த உப்பு சூட்டைப் பார்த்துக்கொள்கிற கருவியின் முனைகளில் படிந்து அதை ஒட்டவைத்தது. சூடு ஏறியது, கல் விலகியது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, பிற்காலத்தில் புரிந்தது. அது மாமா செய்த பாகம். அண்ணாச்சியிடம் போய், "நான் செஞ்சது சரியில்ல, பிரிச்சு மறுபடி கட்டணும்" என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சொன்னால் அந்த வருஷத்துச் சோதனை போச்சு.

பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பா ஆபீசில் இருப்பார். அம்மா சாப்பிட்டுவிட்டு நடுவீட்டில் பாயைப் போட்டால் மில் சங்கு ஊதும் வரைக்கும் எழமாட்டாள். அந்த நேரம் மாமா வருவார்.

"ஏளா, ஆபிசர், வா. நமக்கு வேலை இருக்கு."

ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். பெட்டியின் அடிப்பக்கம் ஒரு துளை உண்டு. தக்கை வைத்து அடைத்திருக்கும். சூட்டுக் கம்பி இழுக்க அவர் விட்ட துளையாம். அதன் வழியாகவும் திருகாணி எட்டும் என்று எனக்குத் தெரிந்ததே அப்போதுதான். இரும்புத் திருப்புளியை உள்ளே விட்டால் அலையே மாறிவிடும், ஆகவே உலோகம் இல்லாத ஏதாவது வேண்டும். "அம்மாட்ட பின்னல் ஊசி இருக்கும்லா, ஒண்ணு எடுத்துட்டு வா மக்கா, பெறவு வச்சிரலாம்" என்றார்.

அம்மாவின் பின்னல் ஊசிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி வெயிலில் யாருக்குக் கம்பளிச் சட்டை என்று கேட்காதீர்கள், மலைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஆலயத்துப் பெண்கள் பின்னி அனுப்புவார்கள். அம்மாவிடம் இருந்தது எலும்பில் செய்த ஒரு ஜோடி ஊசி. அவளுக்குப் பாடம் சொன்ன மிஷனரி அம்மா ஊருக்குக் கப்பல் ஏறும்போது கையில் கொடுத்துவிட்டுப் போனது. மஞ்சள் பூத்து, வழுவழுவென்று, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அதில் ஒன்றை நான் கொண்டுவந்து கொடுத்தேன். மாமா அதன் நுனியை அரத்தால் தட்டையாக ராவிவிட்டார்.

"அம்மா வைவாங்களே மாமா."

"நா வேற வாங்கித் தாரேன். சிங்கப்பூர் ஊசி."

"அப்பா தொடக்கூடாதுன்னு அரக்கு வச்சிருக்காங்கல்லா?"

"அது மேல உள்ள ஓட்டைக்கு. நாம என்ன அதத் தொட்டமா? இது சும்மா தொடச்சு விடுற மாதிரி. நீ தெனமும் பல்லு வெளக்குதல்ல, அப்பிடித்தான். அப்பாட்ட சொல்லிட்டு இருக்க வேண்டாம், அவுகளுக்கு ஆயிரம் வேலை."

நம்பினேன். பத்து வயசு. அவர் குப்புறப் படுத்து ஊசியைத் துளைக்குள் விட்டுத் திருப்ப, நான் மேலே உட்கார்ந்து, "போவுது... போவுது... மெதுவா... நின்னுட்டு" என்பேன். முடிந்ததும் ஊசியை என் பென்சில் டப்பாவில் வைக்கச் சொல்வார். சாயங்காலம் அப்பா வந்து கை கால் கழுவியதும் நேரே அறைக்குத்தான் போவார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அசையல" என்பார். "ஏலே, கச்சானடிச்சும் அசையலயே!" மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். எனக்கு உள்ளுக்குள் பொங்கும். நானும் மாமாவும் சேர்ந்து அப்பாவுக்கு ஏதோ நல்லது செய்கிறோம் என்றுதான் இருந்தேன்.

அம்மாவோ காணாமற்போன ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள். மெத்தைக்கு அடியில், அரிசிப் பானைக்குப் பின்னால், வேலைக்கு வருகிறவளின் மடியில் கூடத் தேடினாள். "ஒரு ஊசிய வச்சு நா என்னத்தப் பின்ன?" என்று புலம்புவாள். மாமாவைப் பார்ப்பேன். அவர் மக்ரூனைக் கடித்துக்கொண்டிருப்பார்.

கோடை முடியும்போது சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் பெரியவர் டெலிபோனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முதல் வாரமே அப்பா என்னிடம் சொல்லிவிட்டார், "அவங்க முன்னால நீதான் கேட்டுச் சொல்லணும். எம் பிள்ளை காதப் பத்தி நான் ரேடியோவுலயே சொல்லியிருக்கேன்." புது பிராக் தைத்தார்கள், இளநீலத்தில். மாமா விடியற்காலையிலேயே சீலா மீனோடு வந்துவிட்டார். அம்மா குழம்பு வைத்தாள், நான் ரிப்பன் கட்டிக்கொண்டேன். அவர்கள் காலையிலிருந்தே அறையை விட்டு நகரவில்லை. இதைப் பார், அதைக் காட்டு என்று ஒரே பேச்சு. மத்தியானம் வந்தது, போனது. மாமாவுக்குப் பெட்டிக்கு அடியில் படுக்க நேரமே கிடைக்கவில்லை. அவர் நெற்றி வேர்த்துக்கொண்டே இருந்தது. வயிற்றுப்புண் வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் பரிதாபப்பட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா முத்திரையைக் காட்டினார். அரக்கு அப்படியே இருந்தது, மோதிரத்தின் பூ கூடக் கலையவில்லை. "இப்பம் என் மகள் கேட்டுச் சொல்லுவா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏறி உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டினேன்.

சத்தம் குதிரை ஓட்டம் ஓடியது. அறையில் காலையிலிருந்து அத்தனை பேர் அடைந்திருந்த சூடு வேறு; நான் அந்தப் பெட்டியில் அப்படி ஒரு வேகத்தைக் கேட்டதே இல்லை. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் எல்லோருக்கும் பின்னால் நின்று என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், 'சொல்லு, சொல்லு' என்பதுபோல. என்ன சொல்லச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. 'நின்னுட்டு' என்று சொல்ல வேண்டும். ஆனால் நிற்காததை நின்றது என்று எப்படிச் சொல்வது? என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"நிக்கலப்பா" என்றேன். "ரொம்ப வேகமாப் போவுது."

அப்பா ஹெட்போனை வாங்கிக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. டெலிபோன் பெரியவரும் கேட்டார். "நேத்து வரைக்கும் அசையலன்னு சொன்னீங்களே?" என்றார், கோபமாக இல்லை. பிறகு, "கொஞ்சம் சாய்க்கலாமா? அடியில எப்படிக் கட்டியிருக்கீங்கன்னு பார்க்கறேன்" என்றார். பேட்டரிக் கம்பியோடு பெட்டியைச் சாய்த்தார்கள். தக்கை தெரிந்தது. அவர் அதை எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "திருகாணி பளபளன்னு தேஞ்சிருக்கு. யாரோ இதுவழியா அடிக்கடி திருகியிருக்காங்க. கீறலே இல்லை, அப்போ இரும்பு இல்லை. எலும்பு, பிளாஸ்டிக், அந்த மாதிரி ஒரு ஊசி."

அவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் காப்பித் தட்டோடு வாசலில் நின்ற அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவள் அதுவரை தேடாத இடம் என் பள்ளிக்கூடப் பை ஒன்றுதான்; அதை எடுத்து, பென்சில் டப்பாவைத் திறந்து, நுனி ராவிய ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். "எவ்வளவு நாளாத் தேடுதேன்" என்றாள். அவள் குரல் உடைந்துபோயிற்று.

"யாருட்டி இது?" என்றார் அப்பா.

"கப்பல் மாமாதாம்ப்பா. மத்தியானம் மத்தியானம் வந்து திருகுவாங்க. நான் கேட்டு மட்டுந்தான் சொன்னேன்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு அது, எனக்குப் பிடித்த அதே சிரிப்பு. "அண்ணாச்சி, வையாதிய. நாம திருகுறதப் பாத்து பிள்ளையும் வெளயாட்டா செஞ்சிருக்கு. பயத்துல எம் பேரச் சொல்லுது. சின்னப் பிள்ளதானே, எனக்காக விட்ருங்க" என்றார்.

எனக்காக அவர் மன்னிப்புக் கேட்டார்! அடித்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அப்பா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்தவர்களைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து நாற்காலியிலிருந்து இறக்கினார். "நீதான் தொட்ட. ஐயாமாருட்ட மன்னிப்புக் கேளு."

"நான் தொடலப்பா."

"சொல்லு."

"நான் தொடலப்பா..."

"நாந்தான் தொட்டேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லு." பிடி இறுகியது. புது பிராக்கின் தோள் தையல் விட்டுப்போயிற்று.

பொய் சொன்னால் பிரம்பை எடுக்கிற வீடு எங்கள் வீடு. நான் சொன்னேன். சொல்லி முடித்ததும் டெலிபோன் பெரியவர் என் தலையைத் தடவி, "எங்க வீட்லயும் இப்படி ஒரு குரங்கு இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறைக்கே உயிர் திரும்பி வந்தது. குழந்தை கை பட்டதென்றால் கருவி மேல் குற்றமில்லை, கட்டுமானம் அருமை, துளையை அடைத்துவிட்டு நீங்களே ஒலிபரப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா பேருந்து நிலையம் வரை போய் வழியனுப்பினார். அப்பா பாவம், மாமாவின் பேச்சை நம்பி ஏமாந்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிறகும் வெகுகாலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். உள்ளே அப்பாவும் மாமாவும் சூட்டுக் கருவியைப் பிரித்து மறுபடி கட்டுகிற சத்தம் கேட்கும். வாரம் ஒரு நாள் அப்பாவின் அலை வானத்தில் போயிற்று. அதைக் கேட்டுத் திருவனந்தபுரத்திலும் மதுரையிலும் திருகாணி திருப்பினார்கள். மாமா பழையபடி மக்ரூன் கொண்டுவருவார். நான் எடுக்கமாட்டேன். "எம் மேல இன்னும் கோவமா ஆபிசர்?" என்பார், எல்லோர் முன்னாலும். "செஞ்சதையும் செஞ்சிட்டு வீம்பப் பாரு" என்பாள் அம்மா. சிங்கப்பூர் ஊசி வரவே இல்லை.

அம்மாதான் அதை மறக்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றை எலும்பு ஊசியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அது எனக்காகப் போட்ட பூட்டு. அன்றிலிருந்து வீட்டில் எது காணாமற்போனாலும் முதல் பார்வை என் மேல்தான் விழும். அக்கம்பக்கத்தில் அவள் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துக்கே தெரிந்தது, உங்களுக்கும் தெரிந்தது. என் கலியாணத்தன்று மாமியாரிடம் சிரித்துக்கொண்டே, "இவ கை சும்மா இருக்காது, பாத்துக்கிடுங்க. பொய்யும் கொஞ்சம் வரும்" என்றாள். அவர்கள் அதைச் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் கூட இருந்தேன். வளையலைக் கழற்றச் சொன்னபோது என்னிடம் தராமல் நர்சிடம் கொடுத்தாள். ஒன்றும் நினைக்காமல், பழக்கத்தில் செய்ததுதான்.

அம்மாவுக்குப் பிறகு அப்பா என்னோடு இருந்தார். சில வருஷம் கழித்துக் கப்பல் மாமாவும் தவறிப்போனார். புன்னைக்காயல் கோயிலில் அடக்க ஆராதனை. அப்பா கைத்தடியோடு வந்து, கல்லறைத் தோட்டம் வரை நடந்து, விம்மி விம்மி அழுதார். வீட்டுக்குத் திரும்பி, வெயில் தாழ்ந்த நேரத்தில் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். அவராகவே பேச்செடுத்தார்.

"என்ன மனுசன்! மத்தியானம் மத்தியானம் வந்து திருகிட்டுப் போயிருக்கான் பாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு." சிரித்தார். கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது.

நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். "எப்பம் தெரியும்ப்பா?"

"மொத வாரமே தெரியும். எந்தக் கிறிஸ்டலாவது அப்பிடி நிக்குமா? கொஞ்சமாவது நகரும், நகரணும், அதான் அதோட கொணம். கச்சானடிச்சும் அசையலன்னா யாரோ புடிச்சு வைக்கான்னு அர்த்தம். இது தெரியாமலா நான் பெட்டி கட்டுனேன்? சொன்னா அவன் மனசு ஒடைஞ்சிரும். சரி, வந்தவங்க பாத்துட்டுப் போகட்டும், பெறவு நிதானமா சரிபண்ணிக்கிடலாம்னு இருந்தேன்."

தினமும் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு, "அசையல" என்று சொன்ன ஆள் அவர்.

"அப்பம் நான் சொன்னது நெசம்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்ட்டி."

"தெரிஞ்சுதான் என்னச் சொல்ல வச்சிய?"

"வேற என்ன செய்யச் சொல்லுத? அவன்னு சொன்னா ரெண்டு பேரும் கள்ளனுவன்னு ஆயிரும். நீ பிள்ளை. பிள்ளை செஞ்சிட்டுன்னா சிரிச்சிட்டுப் போயிருவாங்க. சிரிச்சிட்டுத்தான போனாங்க?"

நான் எழுந்து நின்றேன். "அம்மாட்டயாவது சொன்னியளா? என்னைக்காவது? கடைசிலயாவது?"

அவர் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லல."

"ஏன்?"

"சொன்னா அவ அவன வீட்டுக்குள்ள விடமாட்டாளே. அவன் இல்லாம நான் யாருகூடப் பேச?"

"எங்கம்மா என்னக் கள்ளின்னு நெனச்சுக்கிட்டே செத்துப் போயிட்டாளேப்பா!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்ற உணர்ச்சி இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். ஆச்சரியம்தான் இருந்தது, இவளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று.

"அவன் கோவிச்சுக்கிட்டுப் போனாப் போனதுதான். நீ எங்கட்டிப் போயிருவ? நீ எம் பிள்ளைல்லா" என்றார்.

அவர் கணக்குத் தப்பவில்லை. நான் எங்கேயும் போகவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, அவருக்கு வேண்டிய கஞ்சியை, அவருக்குப் பிடித்த பதத்தில், உப்பு அளவாகப் போட்டுக் காய்ச்சினேன். கொண்டுபோய் வைத்தேன். அவர் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.